தொட்டால் படிக்கும் திரை

“அதெல்லாம் செட் பண்ணத் தெரியணும்மா. வீட்ல ஆம்பளைங்க யாராவது இருந்தா இட்டுனு வா.”

செஞ்சி கடைவீதியில் கார் சாமான் விற்கிற கடைக்காரர் இதைச் சொன்னபோது, அவரே என் காரில் பொருத்தி முடித்த திரை அப்போதுதான் முதல்முறையாக எரிந்தது. போனில் இருக்கும் மேப்பு, பாட்டு, அழைப்பு எல்லாம் அந்தத் திரையில் வரும் என்று சொல்லித்தான் விற்றார். எப்படி வரவைப்பது என்று கேட்டதற்குத்தான் இந்தப் பதில்.

எங்கள் வீட்டில் ஆம்பளை என்றால் நைனா ஒருவர்தான். அவர் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். நெல்லும் மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலையும் ஏலம் போகும் அரசு விற்பனைக் கூடத்தை எங்கள் ஊரில் கமிட்டி என்றுதான் சொல்வார்கள். அவருக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. போனில் கூப்பிடுவது யார் என்று தெரிவதற்காக ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு படம் வைத்துக் கொடுத்திருந்தேன். அம்மாவுக்கு மல்லிகைப் பூ, அத்தைக்கு எருமை, எனக்கு மூக்குக்கண்ணாடி. எருமைப் படத்தை வைக்கச் சொன்னது நைனாதான். அத்தைக்கு இன்னும் தெரியாது.

“நான் பாத்துக்கறேங்கண்ணா” என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

பார்த்துக்கொள்ள மூன்று நாள் ஆனது. சார்ஜ் போடும் வயரால் போனையும் காரையும் இணைத்தால் போன் சார்ஜ் ஏறியது. திரை மட்டும் ‘போனை இணைக்கவும்’ என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது. இணைத்துத்தானே வைத்திருக்கிறேன் என்று அதனிடம் வாய்விட்டுச் சொன்னேன். போனை அணைத்துப் போட்டேன், காரை அணைத்துப் போட்டேன், போனிலும் திரையிலும் இருந்த அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். மூன்றாம் நாள் ஒரு வயலோரம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தேடியபோதுதான் விஷயம் தெரிந்தது. என்னிடம் இருந்த வயர் கரண்டை மட்டும் கடத்துகிற மலிவு வயர். தகவல் போவதற்கு உள்ளே கூடுதல் கம்பி இருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு எதிரில் வேறொரு வயர் வாங்கிச் செருகினேன். போன் ஒவ்வொன்றாக அனுமதி கேட்டது. உங்கள் தொடர்புகளைப் பார்க்கலாமா, உங்கள் அழைப்புகளை எடுக்கலாமா, உங்களுக்கு வரும் செய்திகளைப் படிக்கலாமா. படிக்காமல் நான் எதற்கும் சம்மதம் சொல்வதில்லை. எல்லாவற்றையும் முழுதாகப் படித்துத்தான் சம்மதம் சொன்னேன்.

திரையில் மேப்பு விரிந்தது. செஞ்சிக்கோட்டை மூன்று பச்சைத் திட்டாகத் தெரிந்தது. ஓரத்தில், நான் அடிக்கடி பேசுகிறவர்கள் என்று அதுவே ஒரு பட்டியல் போட்டுக் காட்டியது. நைனா, மேலாளர், உர மூட்டை வண்டிக்காரர். நான்காவதாகக் காட்ட அதற்கு யாரும் கிடைக்கவில்லை.

நான் ஒரு விதை நிறுவனத்தில் களப்பணி செய்கிறேன். விதைக்காக நெல் பயிரிடும் விவசாயிகளின் வயலில் இறங்கி, வேறு ரகச் செடி கலந்திருக்கிறதா என்று பார்த்துப் பிடுங்கச் சொல்வது என் வேலை. எங்கள் வம்சத்தில் எட்டாவதைத் தாண்டியது நான்தான். வேளாண்மையில் பட்டம் வாங்கியதும் நான்தான். அலுவலகத்தில் இருக்கும் நான்கு ஆண்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடும். அதனால் காரில் சாப்பிடப் பழகினேன். வீட்டிலோ, நான் பேசுகிற விஷயம் அவர்களுக்கு வேண்டாம், அவர்கள் பேசுகிறது எனக்கு ஏற்கெனவே தெரியும். எனவே காலை எட்டு மணி முதல் மாலை வரை என்னோடு பேசியது அந்தத் திரைதான். இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும் என்று அது சொல்லும். தளவானூர் ரோட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன், ஆனாலும் வழி கேட்டுக்கொண்டுதான் போவேன்.

செய்தி வந்தால் திரையில் எழுத்தாக வராது. அனுப்பியவர் பெயரும் பக்கத்தில் பச்சையாக ஒரு வட்டமும் மட்டும் வரும். தொட்டால் ஒரு பெண் குரல் படித்துக் காட்டும். தமிழைத் தமிழ்நாட்டுக்கு வெளியே கற்றவள் போல, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் படிப்பாள். படித்து முடித்ததும் “பதில் அனுப்ப வேண்டுமா?” என்று கேட்பாள்.

அப்படித்தான் அந்தச் செய்தியும் முதலில் காதில் விழுந்தது. சேலத்தில் இருக்கும் என் மேலாளர் அனுப்பியிருந்தார். கர்நாடகத்தில், ராய்ச்சூர் பக்கம், நிறுவனத்தின் விதைப் பண்ணைக்குப் பொறுப்பாளர் தேவை. என் பெயரைச் சொல்லியிருக்கிறார். நான் சம்மதித்தால் போதும். வண்டியை ஓரம் கட்டி, பச்சை வட்டம் மறைந்துபோன திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்வதற்கு ஆள் தேடினேன். நைனாவிடம் மட்டும் சொல்லக்கூடாது என்று தோன்றியது.

அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வீட்டுக்கு வரும் எந்தத் தாளையும் படிப்பது நான்தான். ரேஷன் கடைச் செய்தி, ஆஸ்பத்திரிச் சீட்டு, மாதா கோயிலில் கொடுக்கும் அறிவிப்பு, கமிட்டியில் ஒட்டியிருப்பதை நைனா போனில் பிடித்து வரும் படம். மூன்றாம் வகுப்பிலிருந்து இதுதான் அந்த வீட்டில் என் பதவி. “எம் பொண்ணு ஒரு எழுத்து வுடாம படிப்பா” என்று நைனா கமிட்டி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நான் போய்விட்டால் அவருக்கு யார் படிப்பது? போகாதே என்பார். போகாதே என்றால் நான் போகமாட்டேன். எனக்கோ போக வேண்டும் என்ற ஆசை பெருகிக்கொண்டே போனது.

பிறகு என் சம்மதம் கேட்டு நிறுவனத்திலிருந்து அச்சிட்ட கடிதமே வந்தது. அதை நான் ஒளித்து வைக்கவில்லை. டிவி மேல் போட்டேன். ஒரு வாரம் அங்கேயே கிடந்தது. அம்மா அதன்மேல் சீப்பை வைத்தார், நைனா மாத்திரை அட்டையை வைத்தார். எங்கள் வீட்டில் எழுத்தை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு வந்ததே இல்லை. கல்லூரியில் ஒரு பாடத்தில் தோற்றபோது வந்த தாளும் இப்படித்தான் திறந்தபடி கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் நைனா காரில் முன்னால் ஏறிக்கொள்வார். எங்கே போகிறேன் என்று கேட்கமாட்டார். வயலுக்குப் போனால் வயலுக்கு வருவார், பெட்ரோல் போடப் போனாலும் வருவார். அப்படி ஒரு ஞாயிறு மேலாளரின் பெயரும் பச்சை வட்டமும் திரையில் வந்து நின்றன.

“இன்னா வந்துருக்குது?” என்றார் நைனா.

“கம்பெனி மெசேஜ் நைனா. மழை வருமாம்.”

அவர் கண்ணாடி வழியே வானத்தைப் பார்த்தார். “எங்க வருது” என்றார்.

மூன்று வாரம் அப்படி ஓடியது. நாலாவது ஞாயிறு, மேல்சித்தாமூர் தாண்டி இருக்கும் அத்தை ஊரில், அத்தை பேத்திக்குப் புதுநன்மை. குழந்தை முதல்முதலாக நற்கருணை வாங்குகிற நாள், கோயில் முடிந்து பந்தலில் கறிச்சோறு. அம்மா முந்தைய நாளே பஸ்ஸில் போய்விட்டார். நானும் நைனாவும் காரில் போனோம். நைனா வெள்ளைச் சட்டை போட்டு, சீட் பெல்ட்டில் சட்டை கசங்காமல் இருக்க ஒரு துண்டை நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தார்.

முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. அதைத் தாண்ட நான் வண்டியை வலப்பக்கம் எடுத்தபோது மேலாளரின் பெயர் திரையில் வந்தது. என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் எதிரே வரும் லாரியில். நைனாவுக்குப் பச்சை வட்டம் என்றால் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். கூப்பிடுகிறவரைக் காக்க வைக்கக்கூடாது. வண்டி ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் எடுத்துப் பேச வேண்டும். அவர் தொட்டார். “அலோ” என்றும் சொன்னார்.

கார் படித்தது. “ராய்ச்சூர் வேலைக்குப் போவதைப் பற்றி உங்கள் அப்பாவிடம் சொல்லிவிட்டீர்களா. மூன்று வாரமாகச் சொல்கிறேன் சொல்கிறேன் என்கிறீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் வேறொருவரை அனுப்பிவிடுவார்கள்.” கொஞ்சம் நிறுத்தி, “பதில் அனுப்ப வேண்டுமா?” என்றது.

லாரி கடந்து போனது. டிராக்டரும் பின்னால் போய்விட்டது.

“பதில் அனுப்ப வேண்டுமா?” என்று அது மறுபடியும் கேட்டது. நான் வயரைப் பிடுங்கினேன்.

“யாரு அந்தப் பொம்பள?”

“அது கார் குரல் நைனா. எழுதனது எங்க மேனேஜர்.”

“ராய்ச்சூர் எங்க இருக்குது?”

“கர்நாடகா.”

அவர் துண்டை மடித்து மடியில் வைத்தார். “மழை வரும்னு வந்துதே, அது இதான?”

பிடுங்கிய வயரைக் கதவுப் பையில் போட்டேன்.

“காருக்குத் தெரிஞ்சிருக்குது” என்றார் கொஞ்ச தூரம் போனபின்.

பந்தலில் அத்தை வீட்டுக்காரர் வழக்கம்போல ஆரம்பித்தார். “இன்னா மச்சான், சட்ட கசங்காம வந்து எறங்கற. டிரைவர் வச்சிக்கினியாமே? சம்பளம் எவ்ளோ குடுக்கற?” மற்ற நாளாக இருந்தால் நைனா அரைமணி நேரம் என்னைப் பற்றிப் பேசியிருப்பார். நான் எந்தப் படிப்பு படித்தேன், எத்தனை ஊர் விவசாயிகள் என் பேச்சைக் கேட்கிறார்கள், இந்தத் திரையை ஆள் இல்லாமல் நானே எப்படி இணைத்தேன் என்று. அன்றைக்கு, “சோத்தப் போடு” என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது அவர் பின் சீட்டில் அம்மாவோடு ஏறிக்கொண்டார். அம்மாவுக்கு ஆச்சரியம். “முன்ன போய் உக்காரு, எனக்குக் கால் நீட்டணும்” என்றார். நைனா நகரவில்லை. பக்கத்து சீட்டில் அத்தை கொடுத்தனுப்பிய குழம்புத் தூக்குதான் வந்தது. சாயாமல் இருக்க அதற்கு சீட் பெல்ட் போட்டுவிட்டேன். வயரைச் செருகாததால் திரை செஞ்சி வரும்வரை ‘போனை இணைக்கவும்’ என்று கேட்டுக்கொண்டே வந்தது.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவர் என்னிடம் கோபமாகப் பேசவில்லை. சாப்டியா என்று கேட்டார், தண்ணீர் வண்டி வந்துவிட்டது என்று சொன்னார். புதன்கிழமை கமிட்டிக்கு எதிரில் இருக்கும் டீக்கடையில் நின்றபோதுதான் டீக்கடைக்காரர் கேட்டார்.

“ஊர்ல இல்லியாம்மா நீ?”

“இங்கதான இருக்கறேன். ஏண்ணா?”

“இல்ல, நேத்து உங்க நைனா ஆஸ்பத்திரி சீட்டு ஒண்ணு எடுத்தாந்து என்னைப் படிக்கச் சொன்னாரு. எனக்கு இங்கிலீஷ் எங்க வருது. கமிட்டி ஆபீசுல காட்டிக்கினாரு போல.”

டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி அடித்ததில்லை. அவர் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். வீட்டுச் சீட்டை வெளியே எடுத்துப் போய், படிக்கத் தெரியாது என்று இன்னொருவர் முன்னால் நின்றிருக்கிறார். வீட்டில் நான் இருக்கும்போது. காரில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. மேலாளருக்கு முடியாது என்று அனுப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு கணம் நினைத்தேன். சரியாகாது என்றும் தெரிந்தது. போகாமல் இருந்தாலும் நான் படிப்பதை இனி அவர் நம்பமாட்டார்.

வியாழன் மதியம் கமிட்டி வாசலில் வேப்பமரத்தடியில் காரை நிறுத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நைனா வந்து முன் கதவைத் திறந்து ஏறினார். தோளில் சாக்குத் தூசி. துண்டால் சீட்டைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

“அந்த மெசேஜெல்லாம் இருக்குதா, அழிச்சிட்டியா?”

“இருக்குது.”

“மொதல்லேருந்து படி.”

போனை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். முதல் செய்தியை முடித்ததும் அவர் கையை நீட்டித் தடுத்தார். “இரு. இப்ப அது படிக்கட்டும்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கமிட்டியில் ஒரு தராசின்மேல் விவசாயிக்குச் சந்தேகம் வந்தால், அதே மூட்டையை இன்னொரு தராசில் ஏற்றிப் பார்க்கக் கேட்கலாம். மறு எடை என்பார்கள். மறு எடை கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக்கூடாது, தூக்குகிறவரும் முகம் சுளிக்கக்கூடாது. முப்பது வருடமாக நைனா அப்படித் தூக்கிக் கொடுத்தவர்.

போனில் எழுத்தைத் தேர்ந்தெடுத்துப் படிக்க வைக்கும் வசதி உண்டு. வயரைச் செருகினால் குரல் காரிலேயே கேட்கும். செருகினேன். நான் ஒரு செய்தியைப் படிப்பேன், அடுத்து அதே செய்தியை அந்தப் பெண் படிப்பாள். நைனா கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் கேட்டார். அவள் நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினால், “மறுக்காப் போடு” என்றார். அவமானமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பட்டம் வாங்கியவளை ஒரு இயந்திரத்தை வைத்துச் சரிபார்க்கிறார் என்று நினைத்தேன். ஆனாலும் படித்தேன்.

“உங்க மேனேஜர் எழுதனது சரி. நீ இன்னா பதில் போட்ட?”

நான் அனுப்பியவற்றை அவர் கேட்பார் என்று எதிர்பார்க்கவில்லை. முதல் இரண்டும் சாதாரணம், யோசித்துச் சொல்கிறேன் என்பதுதான். மூன்றாவது கண்ணில் பட்டதும் நின்றுவிட்டேன். அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம். எத்தனை செய்தி இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நான் தேர்ந்தெடுப்பதைத்தான் அந்தக் குரலும் படிக்கும். அவர் கண்ணை மூடியபடியே இருந்தார்.

படித்தேன். “எங்கள் அப்பா படிக்காதவர். சொன்னாலும் அவருக்குப் புரியாது. நான் எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன்.”

பிறகு அதை அந்தக் குரலிலும் போட்டுக் காட்டினேன். என் வாயால் வந்ததைவிட அதன் வாயால் கேட்பது மோசமாக இருந்தது. நைனா கண்ணைத் திறந்தார். கமிட்டிக்குள் லாரி ஒன்று ரிவர்ஸில் வந்துகொண்டிருந்ததைப் பார்த்தார்.

“ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது” என்றார்.

“நைனா...”

“நான் வாணாம்னு சொல்வேன்னு நெனச்சியா?”

“ஆமா.”

“சொல்லித்தான் இருப்பேன்.” வேட்டியில் ஒட்டியிருந்த உமியை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டார். “இப்பவும் வாணாம்னுதான் சொல்றேன். அவ்ளோ தூரம் ஒண்டியா போய் இன்னா பண்ணுவ? ஆனா நான் சொல்றதக் கேக்கறதுக்கு மின்னயே எனக்குப் புரியாதுன்னு நீ முடிவு பண்ணிட்ட. அதான்.”

உள்ளே இருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். “வர்றேன், இரு” என்று கத்தினார். ஆனால் இறங்கவில்லை.

“அது பதில் கேட்டுச்சில்ல அன்னிக்கி. சொல்லு. நானும் கேக்கறேன்.”

திரையில் மேலாளரின் பெயரைத் தொட்டேன். செய்தியைச் சொல்லுங்கள் என்றது குரல். நைனா எனக்குப் பக்கத்தில், மூட்டை தூக்கிக் காய்ப்பு விழுந்த கையை முழங்கால்மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். நான் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

“அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு நன்றாகப் புரிந்தது. அவருக்கு இதில் விருப்பம் இல்லை. நான் வருகிறேன். ஒன்றாம் தேதி ராய்ச்சூரில் சேர்ந்துவிடுவேன்.”

குரல் அதைத் திரும்பப் படித்தது. ‘ராய்ச்சூரில்’ என்பதை உடைத்து இரண்டாகப் படித்தது. மற்றபடி ஒரு எழுத்து விடவில்லை. “அனுப்பலாமா?” என்றது.

நைனா கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்திருந்தார்.

“அனுப்பு” என்றேன். போய்விட்டது.